ஐயமும் ஒழுக்கமும்: ரசல் வழக்கு ஒரு மறுநோக்கு

1940ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30ஆந் திகதி நியூயோர்க் நகரில் வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பு, மெய்யியல் வரலாற்றில் மட்டுமன்றிக் கல்வியின் வரலாற்றிலும் நினைவிற் கொள்ளத்தக்கது. உலகப் புகழ்பெற்ற கணித அறிஞரும் தருக்க அறிஞருமான பேட்ரண்ட் ரசல், நகரத்தின் பொதுப்பணத்தில் இயங்கிய கல்லூரியொன்றிலே கற்பிக்கத் தகுதியற்றவர் என்று அத்தீர்ப்புக் கூறிற்று. அவர் அங்கு கற்பிக்கவிருந்தவை தருக்கமும், கணிதத்தின் அடிப்படைகளும், தூய அறிவியலுக்கும் பிரயோக அறிவியலுக்கும் இடையிலான தொடர்பும் ஆகும். அவருடைய தருக்கத்திலே பிழை காணப்பட்டதா? இல்லை. கணிதத்திலே வழு உண்டோ? அதுவும் இல்லை. விவாகத்தைப் பற்றியும் பாலொழுக்கத்தைப் பற்றியும் அவர் எழுதிய நூல்களே குற்றச்சாட்டுக்கு ஆதாரமாயின. அந்நூல்களுக்குப் பின்னே மற்றொரு குற்றமும் நின்றது. கடவுள் உண்டென்பதற்குக் கிறிஸ்தவம் காட்டும் ஆதாரங்களை அவர் ஏற்க மறுத்தவர்.

கடவுளைப் பற்றிய ஐயம் அறிவுத்துறையைச் சார்ந்த வினா. அதற்கு விடையளிக்க வேண்டியது வாதம். ஆனால் ஐரோப்பிய வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின், அந்த வினாவை எழுப்பியவனுக்கு வாதத்தால் மட்டும் விடையளிக்கப்பட்டதாக நாம் காணவில்லை. ‘இவன் ஒழுக்கங் கெட்டவன், இவன் கையில் குழந்தைகளை ஒப்படைக்கலாகாது’ என்ற குரலே மீண்டும் மீண்டும் எழுந்தது. கடவுளுக்கும் கட்டிலுக்கும் என்ன சம்பந்தம்? ஐயவாதியின் மீது பாலொழுக்கக் குற்றமே ஏன் முதலிற் சுமத்தப்படுகிறது? இவ்வினாக்களுக்கு விடைகாண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரசல் வழக்குக்கு ஒரு நீண்ட முன்வரலாறு உண்டு. 1811ஆம் ஆண்டில் நாத்திகத்தை ஆதரித்த சிறு பிரசுரமொன்றுக்காக ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிலிருந்து வெளியேற்றப்பட்ட கவிஞன் ஷெல்லி, 1813இல் வெளியிட்ட ‘குவீன் மாப்’ என்னும் நெடுங்கவிதையின் குறிப்புக்களிலே கிறிஸ்தவத்தையும் விவாகச் சட்டத்தையும் ஒருங்கே கண்டித்தான். அவனுடைய முதல் மனைவி 1816இல் நீரில் மூழ்கி இறந்தபின், தன் இரு குழந்தைகளையும் தன்னிடம் ஒப்படைக்குமாறு அவன் கேட்டான். 1817இல் பிரபு எல்டன் அளித்த தீர்ப்பு அதனை மறுத்தது. தந்தையின் கொள்கைகளும் அவற்றின் வழிவந்த நடத்தையும் குழந்தைகளுக்குக் கேடு பயக்கும் என்பதே காரணம். அன்றுமுதல் இத்தீர்ப்பு ஆங்கிலச் சட்டத்தில் ஒரு முன்னுதாரணமாயிற்று.

ஏறத்தாழ அறுபதாண்டுகள் கழிந்தபின் அந்த முன்னுதாரணத்தின் நிழல் ரசலின் தொட்டில் மீதே விழுந்தது. ரசல் 1872இல் பிறந்தார். அவருடைய பாட்டனார் இருமுறை பிரித்தானியாவின் பிரதமராக இருந்தவர். தந்தையாராகிய பிரபு அம்பர்லி சுதந்திர சிந்தனையாளர். ஜோன் ஸ்டுவர்ட் மில்லின் நண்பர். கருத்தடையைப் பற்றி வெளிப்படையாக ஆராயவேண்டும் என்று பேசியதற்காக 1868ஆம் ஆண்டுத் தேர்தலில் தூற்றப்பட்டுத் தோல்வியடைந்தவர். 1876இல் அவர் இறக்கும்பொழுது, தம் பிள்ளைகளுக்குச் சமய நம்பிக்கையற்ற இருவரைப் பாதுகாவலராக எழுதிவைத்திருந்தார். ஆனால் பாட்டியும் பாட்டனும் சட்டத்தின் துணையை நாடத் துணிந்தபொழுது, ஷெல்லியின் தீர்ப்பு இருக்கும்வரையில் வழக்கு நில்லாது என்று சட்டவறிஞர் கூறவே, அவ்விருவரும் விலகினர். தந்தையின் இறுதி விருப்பம் புறக்கணிக்கப்பட்டது. குழந்தை ரசல் ஐயவாதிகளிடமிருந்து ‘காப்பாற்றப்பட்டார்’.

அன்னி பெசன்ட் அம்மையாரின் கதையும் இத்தகையதே. பிற்காலத்தில் பிரமஞானியாகவும் 1917இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவியாகவும் விளங்கியமையால் அவரை நம்மவர் நன்கறிவர். ஆனால் அவருடைய இளமைப் போராட்டத்தை அறிந்தவர் சிலரே. பாதிரியார் ஒருவரின் மனைவியாயிருந்த அவர், சமய ஐயங் காரணமாக 1873இல் கணவரைப் பிரிந்தார். 1877இல் சாள்ஸ் பிராட்லோவுடன் இணைந்து, அமெரிக்க வைத்தியர் நோல்ட்டன் எழுதிய கருத்தடை பற்றிய சிறு நூலை மறுபதிப்புச் செய்தார். ஏழைத் தொழிலாளியின் மனைவியும் வாங்கத்தக்க விலையில் அது விற்கப்பட்டமையே ஆளுவோரைக் கலங்கவைத்தது. ஆபாசப் பிரசுரம் என்று வழக்குத் தொடரப்பட்டு, இருவருக்கும் ஆறுமாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கேட்டில் இருந்த குறைபாடு காரணமாக மேன்முறையீட்டில் அது 1878இல் தள்ளுபடியாயிற்று. சிறை தப்பியது, ஆனால் மகள் தப்பவில்லை. அதே 1878இல் நாத்திகத்தையும் அப்பிரசுரத்தையும் காரணங்காட்டி, எட்டு வயதுகூட நிரம்பாத மகள் மேபல் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டாள்.

ஷெல்லி, அம்பர்லி, பெசன்ட் ஆகிய மூவரின் கதையிலும் ஒரே முறை கையாளப்பட்டிருப்பதைக் காணலாம். முதலில் வேதத்தைப் பற்றிய ஐயம். அடுத்து விவாகத்தையோ மகப்பேற்றையோ பற்றிய கருத்து. இறுதியில் ‘குழந்தைகளின் நலன்’ என்னும் பெயரால் தண்டனை. நியூயோர்க் வழக்கில் நிகழ்ந்ததும் இதுவே. அங்கு குழந்தைகளின் இடத்தில் மாணவர்கள் நின்றார்கள்.

இனி, ரசல் கூறியவைதாம் எவை என்பதை நோக்குவோம். 1927ஆம் ஆண்டு மார்ச் 6ஆந் திகதி இலண்டனின் பற்றர்சி நகர மண்டபத்தில், தேசிய இலௌகிக சங்கத்தின் தென் இலண்டன் கிளையின் ஆதரவில், ‘நான் ஏன் கிறிஸ்தவன் அல்லன்’ என்னும் பொருளில் அவர் ஒரு விரிவுரை நிகழ்த்தினார். இச்சங்கம் 1866இல் பிராட்லோ நிறுவியதாகும். தமிழ் வாசகருக்கு இதிலே ஓர் உறவுண்டு. இச்சங்கத்தின் கருத்துக்களால் உந்தப்பட்டே சென்னையில் இலௌகிக சங்கம் தோன்றி, 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்திற்று. பகுத்தறிவு வாதம் தமிழுக்கு இருபதாம் நூற்றாண்டில் வந்த விருந்தாளி என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அவ்விரிவுரையில் ரசல் எடுத்துக்கொண்ட வாதங்களுள் முதன்மையானது ஆதிகாரண வாதம். காரணமின்றிக் காரியமில்லை, காரணத் தொடரைப் பின்னோக்கிச் சென்றால் முதற் காரணம் ஒன்றில் நிற்க வேண்டும், அதுவே கடவுள் என்பது அவ்வாதம். பதினெட்டு வயதுவரை இதனை நம்பியிருந்த ரசல், மில்லின் சுயசரிதையைப் படித்தபொழுது அந்நம்பிக்கையைக் கைவிட்டார். கடவுளைப் படைத்தவர் யார் என்ற வினா எழுவதை மில்லின் தந்தை சுட்டிக்காட்டியிருந்தார். எல்லாவற்றுக்குங் காரணம் வேண்டுமாயின் கடவுளுக்கும் வேண்டும். காரணமில்லாத ஒன்று இருக்கலாமாயின் அது இவ்வுலகமாகவே இருக்கலாம். இதுவே ரசலின் மறுப்பின் சாரம்.

இம்மறுப்பைக் கேட்ட மாத்திரத்தில் வாதம் முடிந்துவிட்டதென எண்ணுவது தவறு. தோமஸ் அக்குவைனசைப் போன்ற மத்தியகாலச் சிந்தனையாளர் கூறியது காலத்திற் பின்னோக்கிச் செல்லும் சங்கிலி மாத்திரமன்று. இக்கணத்திலும் உலகத்தைத் தாங்கிநிற்கும் ஆதாரம் யாது என்பதே அவர்களுடைய வினா. இதனைத் திறம்பட எடுத்துரைத்தவர் யேசுசபைக் குருவாகிய பிரெடரிக் கொப்பிள்ஸ்டன். 1948ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி பி.பி.சி. வானொலியில் அவரும் ரசலும் நிகழ்த்திய விவாதம், எதிரியைத் தூற்றாது எதிர்ப்பது எவ்வாறு என்பதற்கு இன்றும் நல்ல எடுத்துக்காட்டு. உலகத்திலுள்ள ஒவ்வொரு பொருளும் பிறிதொன்றைச் சார்ந்தே இருக்கிறது. ஆகவே முழு உலகமும் தன்னையே ஆதாரமாகக் கொண்ட ஒன்றைச் சார்ந்திருத்தல் வேண்டும் என்றார் கொப்பிள்ஸ்டன். ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதிலிருந்து மனிதகுலம் முழுவதற்கும் ஒரு தாய் உண்டென்று பெறமுடியாது என்பது ரசலின் விடை. உறுப்புக்களுக்குப் பொருந்துவது தொகுதிக்கும் பொருந்துமென்பதை நிறுவவேண்டிய பொறுப்பு, அவ்வாறு கூறுபவரையே சாரும். அந்தப் பொறுப்பு அவ்விவாதத்தில் நிறைவேறவில்லை என்பதே நமது கருத்து.

அடுத்தது அமைப்பு வாதம். உலகத்தின் ஒழுங்கு அதனை அமைத்தவன் ஒருவனைக் காட்டுகிறது என்பர். 1859இல் டார்வினின் நூல் வெளிவந்தபின் உயிரினங்களின் பொருத்தப்பாட்டுக்கு இயற்கைத் தெரிவே விளக்கமாயிற்று. சூழலுக்குத் தக உயிர்கள் மாறினவேயன்றி, உயிர்களுக்குத் தகச் சூழல் அமைக்கப்படவில்லை. இதனோடு ரசல் மற்றொரு வினாவையும் எழுப்பினார். எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த ஒருவருக்குக் கோடானுகோடி ஆண்டுகள் அவகாசமுங் கொடுத்தபின், கொடுங்கோன்மையும் வறுமையும் நிறைந்த இவ்வுலகந்தான் அவருடைய தலைசிறந்த படைப்பா?

இவ்விடத்தில் நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கொரு கருத்தா உண்டு என்னும் அனுமானம் சைவசித்தாந்தத்துக்கும் உரியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் அதனையே முதற் சூத்திரத்தில் நிறுவ முயல்கிறது. ஆகவே ரசலின் வாதத்தைக் கடன் வாங்கிப் பாதிரிமார் மீது எறிந்துவிட்டு, அதே வாதம் தம் வாயிலுக்கு வரும்பொழுது கதவடைப்போர் ஐயவாதிகள் ஆகார். கிறிஸ்தவத்தை ஆராய்வது மற்றொரு மதத்துக்குச் சாமரம் வீசுவதற்கன்று. அளவுகோல் ஒன்றாயின் அளக்கப்படுவன யாவும் அதற்கு உட்படல் வேண்டும்.

மூன்றாவதாகிய ஒழுக்க வாதமே நமது பொருளுக்கு நேரடியாக உரியது. கடவுள் இல்லையெனில் நன்மை தீமை என்ற வேறுபாடே இல்லை என்பது அவ்வாதம். பாமரரும் பண்டிதரும் ஒருங்கே இதனைக் கூறுவர். ஐயவாதியை ஒழுக்கங் கெட்டவன் என்று கருதுவதற்கு வழிசமைப்பதும் இதுவே. ஏனெனில் ஒழுக்கத்தின் வேர் கடவுளாயின், வேரை வெட்டுபவன் மரத்தையும் வீழ்த்துபவன் ஆகிறான். ஆனால் பிளேட்டோ காலத்திலேயே இதற்கெதிராக ஒரு வினா எழுந்தது. கடவுள் கட்டளையிட்டதனால் ஒரு செயல் நல்லதாகிறதா? அன்றி, நல்லதாக இருப்பதனால் கடவுள் அதனைக் கட்டளையிடுகிறாரா? முன்னையதாயின், கொலையைக் கட்டளையிட்டாலும் அது நல்லதாகிவிடும்; கடவுள் நல்லவர் என்ற கூற்றுக்கும் பொருளில்லாது போகும். பின்னையதாயின், நன்மை கடவுளுக்கு முன்னரே நிற்கிறது. அதனை அறிவதற்கு மனிதன் தன் அறிவையே நாடலாம். இவ்விருதலை மறுப்பை ரசல் எளிய சொற்களிலே மீண்டும் முன்வைத்தார்.

இத்துறையில் ரசலின் நிலை முற்றிலும் உறுதியானது என்று கூறுவதற்கில்லை. நன்மை தீமையை எவ்வாறு வேறுபடுத்துகிறீர் என்று கொப்பிள்ஸ்டன் கேட்டபொழுது, நிறங்களை வேறுபடுத்துவது போல, உணர்ச்சியினால் என்று ரசல் கூறினார். அப்படியாயின் பெல்சன் வதைமுகாமின் அதிகாரியுடைய உணர்ச்சிக்கு என்ன சொல்வீர் என்று குருவானவர் மடக்கினார். ரசலின் விடை அங்கு தளர்ந்தே நின்றது. தனிமனித உணர்ச்சியை மட்டும் அடித்தளமாகக் கொண்ட ஒழுக்கவியலின் பலவீனம் இது. மனிதரின் தேவைகளையும், அவர்கள் கூடிவாழும் முறையையும், அம்முறையின் வரலாற்றையும் அடித்தளமாகக் கொண்டாலன்றி ஒழுக்கத்துக்கு உறுதியான விளக்கம் கிடைத்தலரிது. ஆயினும் ரசலின் விடை தளர்ந்தமையால் குருவானவரின் முடிபு நிறுவப்பட்டதாகாது. பெல்சன் முகாமை நடத்தியவர்கள் கிறிஸ்தவ நாடொன்றில் வளர்ந்தவர்களே என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஒழுக்க விதிகள் தெய்வீகமானவை, ஆகவே என்றும் மாறாதவை என்ற கூற்றை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம். பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் விவாகத்தை உயர்ந்த இலட்சியமாகப் போற்றவில்லை. இச்சையால் வேகுவதிலும் விவாகஞ் செய்வது மேல் என்ற அளவிலேயே அதற்கு இடமளித்தார். உலக முடிவு அண்மையில் உள்ளதென்று எண்ணிய ஒரு சிறு சமூகத்துக்கு உரைக்கப்பட்ட அறிவுரை அது. பின்னர் நிலமானிய ஐரோப்பாவுக்குச் சொத்தும் வாரிசும் தேவைப்பட்டபொழுது விவாகம் திருவருட்சாதனமாக உயர்த்தப்பட்டது. இன்னும் அண்மைக்கு வருவோம். உலக அங்கிலிக்கன் அத்தியட்சர்களின் லம்பெத் மாநாடு 1920இல் கருத்தடைச் சாதனங்களைக் கண்டித்தது. அதே மாநாடு 1930இல் கூடியபோது, சில நிபந்தனைகளுடன் அவற்றுக்கு இடமளித்தது. 1930 டிசம்பர் 31ஆந் திகதி பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தமது நிருபத்தில் அதனை மீண்டும் பாவமெனச் சாற்றினார்; 1968இல் ஆறாம் சின்னப்பர் அதனை மறுபடியும் உறுதிப்படுத்தினார். ஒரே வேதம், ஒரே கடவுள். ஆனால் பத்தாண்டில் ஒரு சபைக்கு விதி மாறுகிறது, மற்றொன்றுக்கு மாறவில்லை. மாற்றத்தை வேதத்திலன்றி வேறிடத்திற் தேடவேண்டும் என்பது வெளிப்படை.

அந்த வேறிடம் யாது? தந்தைவழிச் சொத்துரிமை தோன்றியதோடு, தன் சொத்து தன் மகனுக்கே செல்லவேண்டுமென்ற ஆணின் கவலையும், அதன் பயனாகப் பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கற்பும் தோன்றின என்பதை எங்கெல்ஸ் 1884இல் எடுத்துக்காட்டினார். ரசலும் 1929இல் வெளியிட்ட ‘விவாகமும் ஒழுக்கமும்’ என்னும் நூலில், தந்தைமை பற்றிய உறுதியே பாலொழுக்கத்தின் பழைய அடிப்படை என்று கண்டார். குழந்தைகளிடமிருந்து பாலறிவை மறைப்பதனால் விளையுங் கேடு, மனம் முறிந்த தம்பதியரைச் சட்டத்தாற் பிணைத்து வைக்கும் கொடுமை, குழந்தைப்பேறு நிகழும்வரை இளைஞரின் கூட்டுவாழ்வை அரசு தண்டிக்கத் தேவையில்லை என்ற கருத்து ஆகியவையே அந்நூலின் சாரம். பாலுறவில் கட்டுப்பாடே வேண்டாமென்று அவர் கூறவில்லை. குழந்தைகளின் நலனே கட்டுப்பாட்டின் அளவுகோல் என்றார். 1927ஆம் ஆண்டு விரிவுரையில் அவர் காட்டிய எடுத்துக்காட்டு இன்றும் மனதைத் தைப்பது. அறியாப் பெண்ணொருத்தி மேகநோய் கொண்ட ஒருவனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். பிணைப்பை முறிக்கலாகாது, பிள்ளைப்பேற்றையும் தடுக்கலாகாது என்கிறது திருச்சபை. இதனை ஒழுக்கம் என்று அழைப்பதற்கு எத்தனை கடின நெஞ்சம் வேண்டும் என்பது அவர் வினா.

இது வெறும் ஏட்டு விவாதமன்று. 1924இல் பிரித்தானியத் தொழிற்கட்சியின் முதலாவது அரசாங்கம் பதவியில் இருந்தபொழுது, ரசலின் அன்றைய மனைவியாகிய டோரா ரசலும் தோழியரும், அரசாங்கத் தாய்சேய் நல நிலையங்களில் கருத்தடை பற்றிய அறிவுரை வழங்கப்பட வேண்டுமென்று கோரினர். செல்வச் சீமாட்டிக்குத் தன் குடும்ப வைத்தியரிடம் கிடைத்த அறிவு, சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கு மறுக்கப்பட்டது. சுரங்க வேலையைக் காட்டிலும் பிள்ளை பெறுதல் நான்கு மடங்கு ஆபத்தானது என்பது அப்பெண்களின் முழக்கம். சுகாதார அமைச்சராயிருந்த ஜோன் வீற்லி ஏழைகளின் வீட்டுவசதிக்காகப் பாடுபட்ட சோசலிசவாதி. ஆயினும் பக்தியுள்ள கத்தோலிக்கர். அவர் மறுத்துவிட்டார். 1930இலேதான் வரையறுக்கப்பட்ட அளவில் அந்த அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஆறாண்டுகளில் அம்மறுப்பின் விலையைச் செலுத்தியவர்கள் தொழிலாளி வர்க்கத் தாய்மாரே.

இப்பொழுது நியூயோர்க்குக்குத் திரும்புவோம். நகரக் கல்லூரி 1847இல் ஏழை மக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. கட்டணமின்றி உயர்கல்வி அளித்த அக்கல்லூரியில் 1930களிற் படித்தோருட் பெரும்பாலோர் குடியேறிய யூதத் தொழிலாளரின் மைந்தர். 1940ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி நகர உயர்கல்விச் சபை ரசலை ஏகமனதாகப் பேராசிரியராக நியமித்தது. உடனே எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் அத்தியட்சர் மானிங், பத்திரிகைகளுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். சமயத்துக்கும் ஒழுக்கத்துக்கும் எதிரான பிரசாரகர் என்பது அவர் குற்றச்சாட்டு; இரண்டையும் ஒரே மூச்சிற் கூறியமை கவனிக்கத்தக்கது. கத்தோலிக்கப் பத்திரிகைகள் பின்தொடர்ந்தன. ஆயினும் மார்ச் 18ஆந் திகதி கூடிய சபை, 11 வாக்குக்கு 7 வாக்கால் நியமனத்தை நிலைநிறுத்தியது.

அடுத்து வந்தது வழக்கு. புரூக்ளினைச் சேர்ந்த பல்வைத்தியர் ஒருவரின் மனைவி, வரியிறுப்பாளர் என்ற முறையில் வழக்குத் தொடுத்தார். தம் மகளின் ஒழுக்கத்துக்கு ஆபத்து என்றார். அக்கல்லூரியின் பகல்நேரக் கலைப்பகுதியில் அக்காலத்தில் பெண்களுக்கு அனுமதியே இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. வழக்கறிஞர் ரசலின் நூல்களைக் காமவெறியின் ஊற்று என்று அடைமொழிகளை அடுக்கி வருணித்தார். அவர் மெய்யியலறிஞரே அல்லர் என்றும் சாதித்தார். நீதிபதி மக்கீகன் மூன்று காரணங்களைக் காட்டி நியமனத்தை இரத்துச் செய்தார். ரசல் அமெரிக்கப் பிரஜை அல்லர். போட்டிப் பரீட்சையின்றி நியமிக்கப்பட்டார். அவருடைய கொள்கைகள் ஒழுக்கக்கேடானவை. ஆபாசத்துக்கு ஒரு பீடம் அமைக்கப்பட்டிருக்கிறது என்பது தீர்ப்பின் கருத்து. ‘கணித மூலதத்துவங்கள்’ என்னும் மாநூலை வைற்ஹெட்டுடன் இயற்றிய மனிதருக்குப் பரீட்சை வேண்டுமாம்! குற்றஞ் சாட்டப்பட்ட ரசலோ வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை. தம் பக்கத்தைக் கூற அவர் விடுத்த வேண்டுகோளும் நிராகரிக்கப்பட்டது. நகரத்தின் சட்ட அதிகாரி மேன்முறையீடு செய்ய மறுத்தார். நகரபிதா லாகார்டியா, தாராளவாதி என்று பெயரெடுத்தவர், அப்பதவிக்குரிய பணத்தையே வரவு செலவுத் திட்டத்திலிருந்து நீக்கினார்.

ஐன்ஸ்டைன், ஜோன் டூயி, வைற்ஹெட் முதலிய அறிஞர்கள் ரசலுக்காகக் குரல் எழுப்பினர். மாணவரும் ஆசிரியரும் கூட்டங்கள் நடத்தினர். ஹாவாட் சர்வகலாசாலை தனது அழைப்பில் உறுதியாக நின்று, அவ்வாண்டு அவரை விரிவுரை நிகழ்த்தச் செய்தது. அவ்விரிவுரைகள் நூலாக வந்தபொழுது, பிரித்தானியப் பதிப்பின் முகப்பில் தம் பட்டங்களின் வரிசைக்கு இறுதியில், நகரக் கல்லூரிக்குத் தகுதியற்றவரென நீதிமன்றத்தால் தீர்மானிக்கப்பட்டவர் என்பதையும் ரசல் சேர்த்துக்கொண்டார். 1950ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவருடைய புகழ் அவரைக் காத்தது எனலாம்.

புகழற்றவர்களை யார் காத்தனர்? கட்டுரையின் சாரமான பகுதிக்கு இப்பொழுது வந்துவிட்டோம். அதே 1940இல் நியூயோர்க் மாநிலச் சட்டசபை, ராப்-கூடெர்ட் குழு எனப்படும் விசாரணைக் குழுவை அமைத்தது. பொதுப் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் உள்ள ‘நாசகாரரை’க் கண்டுபிடிப்பது அதன் பணி. ரசலுக்கெதிராகக் கிளப்பப்பட்ட கூச்சலே அதற்கு வழியமைத்தது. 1942ஆம் ஆண்டளவில் நகரக் கல்லூரியில் மாத்திரம் நாற்பதுக்கு மேற்பட்ட ஆசிரியரும் ஊழியரும் வேலையிழந்தனர். அவர்களுட் பலர் ஆசிரியர் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர்கள், பொதுவுடைமையாளர். அவர்களுக்கு ஹாவாட் அழைப்பு இல்லை. நோபல் பரிசும் இல்லை. 1950களிலே அமெரிக்கா முழுவதையும் பிடித்தாட்டிய வேட்டைக்கு இது ஒத்திகையாயிற்று. ‘ஒழுக்கம்’ என்ற சாவியாற் திறக்கப்பட்ட கதவு வழியாக ‘இராசத்துரோகம்’ என்ற குற்றச்சாட்டு உள்ளே நுழைந்தது.

நாம் முன்னர் எழுப்பிய வினாவுக்கு இங்கு விடை கிடைக்கின்றது. கடவுளைப் பற்றிய ஐயத்துக்கு எதிராகப் பொதுமக்களைத் திரட்டுவது எளிதன்று. பலர் மனதிலும் அந்த ஐயம் இருக்கிறது. ஆனால் குடும்பத்தைப் பற்றிய அச்சம் எல்லோருக்கும் பொதுவானது. வேலையும் கூலியும் நிச்சயமில்லாத சமுதாயத்திலே குடும்பம் ஒன்றே ஏழைக்கு எஞ்சிய அரண். அந்த அரணை இடிக்க வருகிறான் என்று ஒருவனைச் சுட்டிக்காட்டினால், அவன் கூறும் வாதத்தைக் கேட்க யாரும் நில்லார். சமயத்தின் அடிப்படை அச்சமே என்று ரசல் கூறியது உண்மை. ஆனால் அவ்வச்சத்தின் சமுதாயக் காரணங்களை, பசியையும் வேலையின்மையையும் முதுமையின் ஆதரவின்மையையும், அவர் போதியளவு ஆராயவில்லை. அறிவொளி பரவினால் அச்சம் நீங்கும் என்று அவர் நம்பினார். அச்சத்தைப் பயிரிடும் நிலைமைகள் மாறாதவரை அறிவொளி மட்டும் போதாது.

ரசலிடம் வேறு குறைகளும் உண்டு. அவற்றை மூடிமறைத்தல் ஐயவாதிக்கு அழகன்று. ‘விவாகமும் ஒழுக்கமும்’ நூலின் இனவிருத்தி பற்றிய அத்தியாயத்தில், மனவளர்ச்சி குன்றியோரைக் கருவளமற்றோராக்கல் பற்றி அவர் ஆதரவாக எழுதினார். நீக்ரோ மக்கள் சராசரியில் வெள்ளையரிலும் தாழ்ந்தோர் என்ற கருத்தும் முதற் பதிப்பில் இடம்பெற்றது. பிற்பதிப்புக்களில் அது அதற்கு நேர்மாறாகத் திருத்தப்பட்டது. வேதத்தை ஐயுற்ற அதே பேனா, ஏகாதிபத்தியக் காலத்தின் போலி அறிவியலை ஐயுறாது விட்டது. நியூயோர்க் நீதிபதிக்கோ அத்தியட்சருக்கோ இவை தலையாய குற்றங்களாகத் தோன்றாமை கவனிக்கத்தக்கது. அவர்களுடைய ஒழுக்கம் படுக்கையறையோடு நின்றுவிட்டது.

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று நாம் ஒதுங்குவதற்கில்லை. விக்டோரியா காலத்து ஒழுக்கம் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை வாயிலாக இலங்கைக்கும் வந்தது. இயற்கைக்கு மாறான உறவு என்று கூறி 365ஆம் பிரிவு விதித்த தண்டனையும், தாயின் உயிரைக் காக்கும் தேவையன்றி வேறெக்காரணத்துக்காகவும் கருக்கலைப்பை அனுமதியாத பிரிவும் 1948க்குப் பின்னரும் ஏட்டில் நிலைத்தன. ஆட்சியாளன் போனபின் அவன் சட்டம் நமது ‘பண்பாடு’ ஆயிற்று. இந்தியாவில் 1860ஆம் ஆண்டுக் கோவையின் அத்தகைய பிரிவை, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவுகளைப் பொறுத்தவரை, உச்சநீதிமன்றம் 2018இல் செல்லாததாக்கியது. விவாகரத்துக்குப் பிறர்மனைக் கூட்டுறவு ஒன்றையே காரணமாக ஏற்ற நியூயோர்க் மாநிலமும் 1966இல் தன் சட்டத்தை மாற்றியது. ரசலைத் தண்டித்த ஒழுக்கம் அவர் வாழ்நாளிலேயே அந்நகரத்திற் தளர்ந்தது. 1970இல் அவர் இறக்கும்பொழுது, அவர் கூறியவற்றுட் பல சாதாரணச் சட்டமாகியிருந்தன.

கடவுளை நம்புவோரைப் புண்படுத்துவது நமது நோக்கமன்று. நம்பிக்கையுள்ள எத்தனையோ பேர் நீதிக்காகப் போராடியுள்ளனர், இனியும் போராடுவர். ஆனால் ஒரு நம்பிக்கை வாதத்தால் நிறுவப்படவேண்டிய இடத்தில் அவதூறால் நிறுவப்படுமாயின், அதனை எதிர்ப்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கடமையாகும். வகுப்பறையில் ஒரு மாணவன் எழுந்து, கடவுளைப் படைத்தவர் யார் என்று கேட்கலாம். அவ்வினாவுக்கு நாம் நம்மாலியன்ற விடையைக் கூறலாம். விடை தெரியாதெனவுங் கூறலாம். அவனுடைய நடத்தைச் சான்றிதழைக் கையிலெடுத்துக்கொண்டு விடைகூற முற்படுவோமாயின், நாமும் மக்கீகனின் ஆசனத்தில் அமர்ந்தவர்களாவோம்.